பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள், பிரியுங்கள்

அம்பாசிடர் வைத்திருக்கும் ஒருவர் முன்சீட்டைக் கழற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். குஷன் வேலையை வீட்டிலேயே பார்க்கலாம் என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டதாம். "பழைய ரெக்ஸின் எங்கே சார்?" என்றேன். "அது கந்தல்ண்ணே, கிழிச்சுக் குப்பையில போட்டுட்டேன்" என்றார். எனக்கு அந்தக் கந்தல்தான் வேண்டியிருந்தது.

அம்பாசிடர் தயாரிப்பு மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014-இல் நின்றுபோனது. கம்பெனி உறைக்கு இனி வழியில்லை. பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் இடம், வலம், மேல், கீழ் என்று எழுதிவைத்தால் புதிய ரெக்ஸின் வெட்ட அதுவே அளவு. பிரிக்கும் முன் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பிங் (தையல் ஓரத்தில் ஓடும் உருண்டைப் பட்டை) எங்கே திரும்பியது என்பது இரண்டே நாளில் மறந்துவிடும்.

உறையைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் குறடால் நெம்பினால் முகத்துக்கு நேரே தெறிக்கும். கண்ணாடி அவசியம். உள்ளே நாரும் சாக்கும் மக்கித் தூளாகியிருக்கும். எலி குடித்தனம் நடத்திய சீட்டுகளும் வரும். புழுக்கை இருந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். மாஸ்க், கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

ஸ்பிரிங்கில் துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தால் போதும். ஒடிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மேலே வைக்கும் ஃபோமில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். மெத்தைக்கான அடர்த்தி குறைந்த ஃபோம் சில மாதத்தில் அமுங்கிவிடும். 40 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோம் கேட்டு வாங்குங்கள்.

தையலை மட்டும் வெளியே கொடுங்கள் என்பேன். பைப்பிங்கோடு நாலு மடிப்பு ரெக்ஸினை வீட்டு மிஷின் இழுக்காது. ரெக்ஸினில் விழுந்த ஊசித்துளை மூடவும் மூடாது. நெருக்கமாகத் தைத்துவிட்டால் தபால்தலை ஓரம்போல அந்த வரிசையிலேயே கிழியும்.

நான் அதிகம் பயப்படுவது பசைக்குத்தான். ரப்பர் பசையின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் எட்டும். பூஜை விளக்கு, அடுப்பு, பம்ப் செட் சுவிட்ச் எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஷெட் கதவை மூடிக்கொண்டு வேலை செய்யாதீர்கள். தலை கிறுகிறுத்தால் உடனே வெளியே வாருங்கள்.

உறையை மாட்டும் முன் அரைமணி நேரம் வெயிலில் போடுங்கள், இளகிக் கொடுக்கும். நடுவில் பிடித்துவிட்டு அப்புறம் மூலைகளுக்குப் போங்கள்.

உங்களுடையது பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்றால் இன்னொன்று. அதில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பேட்டரிக்கு மேல் மூடி இல்லாமல் சீட்டைப் போட்டு ஆள் உட்கார்ந்தால், ஸ்பிரிங் இறங்கி டெர்மினலைத் தொட்டுத் தீப்பிடிக்கும். மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சீட்டை உள்ளே வையுங்கள்.