தெரியாம தடுப்பூசி போட்டுட்டேன், கரு கலைஞ்சிடுமா மேடம்?

நாள் தள்ளிப்போனதே தெரியாம ஊசி போட்டுட்டு, அப்புறம் ரெண்டு கோடு பாத்ததும் பதறி ஓடி வர்றவங்கள ஓபியில அடிக்கடி பாக்கறேன். 2021ல இது ரொம்பவே ஜாஸ்தி. கர்ப்பிணிகளும் கோவிட் ஊசி போடலாம்னு மத்திய அரசு சொன்னதே அந்த வருஷம் ஜூலை 2ந்தேதிதான், அதுக்கு முன்னாடியே தெரியாம போட்டவங்க எவ்வளவோ பேர். அப்ப வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துச்சு, ஆரம்ப மாசத்துல ஊசி போட்டவங்கள்ல 82 சதவீதம் பேருக்கு அபார்ஷன்னு. இன்னிக்கும் அதை நம்பறவங்க இருக்காங்க, அதனால அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு சொல்லியே ஆகணும்.

அமெரிக்காவோட நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2020 டிசம்பர்ல இருந்து 2021 பிப்ரவரி வரைக்கும் ஊசி போட்ட கர்ப்பிணிகள ஃபாலோ பண்ணி ஒரு ரிப்போர்ட் போட்டாங்க. அதுல பிரசவமாவோ அபார்ஷனாவோ முடிஞ்ச கர்ப்பம் 827, கலைஞ்சது 104. அந்த 827ல 700 பேர் கடைசி மூணு மாசத்துல ஊசி போட்டவங்க, அவங்க கரு கலையற கட்டத்தையே தாண்டினவங்க. உடனே யாரோ 700ஐ கழிச்சு, மீதி 127ல 104 போச்சுன்னு 82 சதவீதம்னு கிளப்பிட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஆறாவது வாரத்துல ஊசி போட்ட பொண்ணுக்கு ரெண்டரை மாசத்துக்குள்ள எப்படி பிரசவம் ஆகும்? கலைஞ்சாதான் அவ பேரு அந்த முடிஞ்ச லிஸ்ட்லயே வரும். ஆரம்பத்துல ஊசி போட்டவங்க மொத்தம் 1224 பேர், அதுல 905 பேருக்கு 20 வாரம் வரைக்குமான தகவலே அப்ப வரல. அவங்கள எண்ணாம சதவீதம் போடவே முடியாது. அந்த ரிப்போர்ட்டுலயே 827ஐ வச்சு 12.6 சதவீதம்னு போட்டிருந்ததும் தப்புதான், அதை வெளியிட்ட மருத்துவ ஜர்னல் பின்னாடி திருத்திடுச்சு, அது நேர்மையான வேலைன்னு நான் நினைக்கறேன்.

சரியா எண்ணணும்னா வாரம் வாரமா எண்ணணும். ஒவ்வொரு வாரமும் யார் யாரு கர்ப்பமா இருக்காங்க, அதுல எத்தனை பேருக்கு கலையுதுன்னு பாக்கணும். ஏழாவது வாரத்துலயே கலைஞ்ச பொண்ணு ஒன்பதாவது வாரத்துல கர்ப்பிணியா ஊசி போட வரப்போறதில்ல, அதனால போட்டவங்க போடாதவங்கன்னு மொத்தமா ரெண்டா பிரிச்சா ஊசி நிஜத்தை விட நல்லதா தெரியும், அதுவும் தப்பு. இப்படி வாரக்கணக்குல, ஊசி போட்ட 2456 பேரை பாத்தப்ப 6லருந்து 20 வாரத்துக்குள்ள கலைஞ்சது 14.1 சதவீதம், வயசையும் கணக்குல எடுத்தா 12.8. ஊசியே போடாட்டியும் தெரிஞ்ச கர்ப்பத்துல 100க்கு 10லருந்து 15 வரைக்கும் கலையத்தான் செய்யுது.

சந்தேகம் வந்தா மறைச்சிடறாங்கன்னும் சொல்ல முடியாது. 2017ல ஒரு அமெரிக்க ஆய்வுல ஃப்ளூ ஊசிக்கும் அபார்ஷனுக்கும் தொடர்பு இருக்கற மாதிரி வந்துச்சு, அதை அப்படியே வெளியிட்டாங்க, அப்புறம் அதே குரூப் இன்னும் மூணு ஃப்ளூ சீசனுக்கு பெரிசா பண்ணிப் பாத்தப்ப தொடர்பு இல்ல.

ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி கதை வேற. அது உயிருள்ள வைரஸ், கர்ப்பத்துல போடக்கூடாது, இதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா தெரியாம போட்டுட்டேன், கலைச்சிடுங்கன்னு குடும்பத்தோட வந்து நிக்கறாங்களே, அதுதான் மனசு தாங்கல. லத்தீன் அமெரிக்காவுல நடந்த பெரிய கேம்ப்கள்ல கர்ப்பம்னு தெரியாம இந்த ஊசி போட்டுக்கிட்டவங்க 30,000 பேருக்கு மேல. அதுல எதிர்ப்பு சக்தி இல்லாத பெண்களுக்கு பொறந்த குழந்தைகள்ல சிலருக்கு ரத்தத்துல வைரஸ் தொற்றின அடையாளம் இருந்துச்சு, ஆனா ரூபெல்லாவால வர்ற பிறவிக் குறைபாட்டோட ஒரு குழந்தைகூட பொறக்கல. இந்த ஊசி போட்டதுக்காக மட்டும் யாரும் கருவை கலைக்க வேண்டியதில்ல.

என்ன ஊசி, எந்தத் தேதி, கடைசி பீரியட்ஸ் எப்ப, இந்த மூணையும் எழுதி எடுத்துட்டு டாக்டர்கிட்ட வாங்க. ஸ்கேன்ல எத்தனை வாரம்னு பாத்துட்டு மேல பேசலாம். அதுவரைக்கும் மெடிக்கல்ல போய் எந்த மாத்திரையும் வாங்கிப் போட்டுடாதீங்க.