கொன்ட்ராஸ்ட்: மூன்று பொருளுக்கு ஒரு சொல்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ சீ.ரி. ஸ்கேனுக்கு வந்தவரைக் கேட்டால் “கொன்ட்ராஸ்ட் ஏத்தி எடுக்கச் சொன்னாங்க” என்பார். இன்னொருவர் “சாயம் குத்தி” என்பார். ஸ்கேன் அறையில் இருப்பவர் “கொன்ட்ராஸ்ட் காணாது” என்றால் பேச்சு மருந்தைப் பற்றியதாக இராது. படத்தில் நாடிக்கும் தசைக்கும் வித்தியாசம் போதவில்லை என்கிறார். திரையில் படத்தை வெளிறவும் இருளவும் வைப்பதற்கும் அதே பெயர்தான்.

இலத்தீனில் ‘கொன்ட்ரா’ எதிர், ‘ஸ்டாரே’ நிற்றல். எதிர்நிற்றல் என்ற இச்சொல் இத்தாலியம், பிரெஞ்சு வழியே ஓவியர்களின் ஒளி நிழல் பேச்சில் ஊறி ஆங்கிலத்துக்கு வந்தது. மருந்துக்குப் பெயரானது பிற்காலத்தில்.

தமிழில் ‘உறழ்வு’ என்று எழுதுவோர் உண்டு. மாறுபடுதல் என்ற பொருள் அதற்கு இருக்கிறது. ஆனால் நன்னூல் ‘உறழ’ என்பதைப் போல, புரைய, ஒப்ப ஆகியவற்றோடு உவம உருபாக வைக்கிறது. ஒப்புமையையும் குறிக்கும் சொல்லை வேறுபாட்டின் பெயராக அறிக்கையில் எழுதுவது வீண் குழப்பம். ‘சாயம்’ அதைவிடப் பிழை. சாயம் என்றால் மருதமுனைத் தறிக்காரர் நூலுக்கு ஏற்றுவது. இம்மருந்தோ தெளிந்த, ஏறத்தாழ நிறமற்ற திரவம். குருதிக்கு நிறம் ஊட்டாது, எக்ஸ்-கதிரை மறிக்கும், அவ்வளவே. மருந்தைத் ‘துலக்கு மருந்து’ என்றும், படத்தில் தெரிவதை ‘வேறுபாடு’ என்றும், திரையில் செய்வதைச் ‘சாளர மாற்றம்’ என்றும் பிரித்து எழுதுவதே நல்லது.

துலக்கு மருந்தின் வேலையைச் செய்வது அயடீன். குருதிக்கலன் ஸ்கேனில் மில்லிலீற்றருக்கு 300 முதல் 370 மில்லிகிராம் அயடீன் உள்ள மருந்து, பெரும்பாலும் 60 முதல் 100 மில்லிலீற்றர், செக்கனுக்கு 4 அல்லது 5 மில்லிலீற்றர் வேகத்தில் போகும். பின்னால் 30 முதல் 50 மில்லிலீற்றர் சேலைன் தள்ளும். 18 அல்லது 20 கேஜ் கனூலா (நாளத்தில் செருகும் குழாய்) முழங்கை மடிப்பில் வேண்டும், இயன்றால் வலக்கையில். இடக்கையில் ஏற்றினால் செறிந்த மருந்து நெஞ்சின் குறுக்கே செல்லும் நாளத்தில் நின்று, பெருநாடி வளைவின் மேல் கோடுகளை இழுத்துவிடும். வாவி இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இம்மருந்துக்குப் பயப்படுவது வழக்கம். அந்த ஒவ்வாமை இறாலின் புரதத்தால் வருவது, அயடீனால் அல்ல. முன்பு இதே வகை மருந்துக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

இனி இரட்டைச் சக்தி. தமிழ்நாட்டார் ‘இரட்டை ஆற்றல்’ என்பர். நம் பள்ளிப் பௌதிகவியலில் சக்திதான். ஒரே இடத்தை 80, 140 கிலோவோல்ற்று போன்ற இரு மட்டங்களில் எடுப்பது இது. 1973இல், சீ.ரி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டே 100, 140 கிலோவோல்ற்றில் இரு படங்கள் எடுத்து அணுவெண் கூடிய பொருளைப் பிரித்தறியலாம் என்று எழுதினார். அயடீனின் அணுவெண் 53. 33.2 கிலோ இலத்திரன்வோல்ற்றில் அதன் அகத்துறிஞ்சல் திடீரென ஏறும். அதற்குச் சற்று மேலுள்ள கதிரை அது நன்றாக விழுங்கும். தசையில் அவ்வளவு மாற்றமில்லை. ஆகவே இரு தரவுகளையும் சேர்த்து 40 அல்லது 50 கிலோ இலத்திரன்வோல்ற்றில் எடுத்தது போன்ற படத்தைக் கணித்தால் நாடி பளிச்சிடும்.

இங்கேதான் சொற்குழப்பம் தொழிற்பிழையாகிறது. எடுத்துக்காட்டாக, 70 கிலோ இலத்திரன்வோல்ற்றுப் படத்தில் நாடி 300 ஹவுன்ஸ்பீல்ட் அலகு (படத்தின் வெண்மையை அளக்கும் அலகு), தசை 60, இரைச்சல், அதாவது படத்தில் விழும் புள்ளிப்புள்ளியான குழப்பம், 20 என்றால், வித்தியாசம் 240. இரைச்சலால் வகுக்க 12. 40இல் வித்தியாசம் 630 ஆகி இரைச்சல் 45இல் நின்றால் 14, ஆதாயம். இரைச்சல் 63க்கு ஏறினால் 10தான்: நாடி வெளிறியும் படம் கெட்டுவிட்டது. பருத்த உடலில் இது சகஜம்; 80 கிலோவோல்ற்றுக் கதிர் போதிய அளவு மறுபக்கம் வந்து சேராது. அங்கே 100ஐயும், வெள்ளீய வடி போட்ட உயர் மட்டத்தையும் சேர்ப்பார்கள். இரைச்சலை அடக்கும் கணிப்பு முறை இல்லாத கருவியில், கணிக்கும் படத்தை 40 கிலோ இலத்திரன்வோல்ற்றுக்கு இறக்காமல் 50, 55இல் நிற்பது மேல்.

சாளரத்தையும், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை திரை காட்டும் அலகு வீச்சையும், விரிக்க வேண்டும். வழக்கமான 600, 700 அகலத்தில் 40இன் படத்தைத் திறந்தால் குருதியும் சுவரிலுள்ள கல்சியமும் ஒரே வெள்ளையாகி, அடைப்பு மறைந்துவிடும்; அகலம் 1200க்கு மேல், மையம் 400 அளவில் வைத்தால் பிரியும். நீரிழிவுக்காரரின் முழங்காலுக்குக் கீழ் நாடிகளில் அதுவும் போதாது. குறைந்த சக்தியில் கல்சியமும் பெருத்துத் தெரிவதால் 70இன் படத்தையும், அயடீனை மட்டும் பிரித்துக் காட்டும் அயடீன் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

மெல்லிய நாளத்தால் செக்கனுக்கு 3 மில்லிலீற்றர்தான் ஏற்ற முடிந்தவருக்கும், சிறுநீரகம் தளர்ந்து மருந்தைக் குறைக்க வேண்டியவருக்கும் இம்முறை நேரடியாக உதவும்: அயடீனை மூன்றில் ஒன்று குறைத்தாலும் 50இன் படத்தில் நாடி தெரியும். அதற்காகச் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தச் சோதனை பாராமல் ஏற்றலாம் என்பதல்ல. அறிக்கையிலும் “கொன்ட்ராஸ்ட் குறைவு” என்று மொட்டையாக எழுதாமல், மருந்து எத்தனை மில்லிலீற்றர், படம் எந்தச் சக்தியில் கணித்தது என்று எழுதினால், அடுத்த முறை எடுப்பவர் மருந்தைக் கூட்டுவதா, சக்தியை இறக்குவதா என்று தெரிந்து செய்வார்.