ஃபோட்டான் பிட் அடிக்கிறதா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நாம் பார்ப்பதால்தான் உலகமே இருக்கிறது என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டதாம். 2022 நோபல் பரிசே அதற்குத்தான் என்று ஒரு காணொளியில் அடித்துச் சொல்கிறார்கள். இது அறிவியலா, தத்துவமா?”

அந்தப் பரிசுக்குப் பின்னால் இருப்பது ஒரு தத்துவக் கேள்விதான். ஆனால் காணொளியில் சொன்ன கேள்வி அல்ல.

குவாண்டம் இயற்பியலின் கணக்கில் யாருக்கும் தகராறு இல்லை. லேசரும் செல்போன் சிப்பும் அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுகின்றன. அந்தக் கணக்குக்கு என்ன பொருள் என்பதில்தான் தகராறு. ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், போலராய்டு தகட்டில் (குறிப்பிட்ட கோணத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) பட்டால் ஒன்று கடந்து போகும், இல்லை நின்றுவிடும். எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும் கணக்கு சொல்லும். இந்தக் குறிப்பிட்ட ஃபோட்டான் கடக்குமா என்பது அது தகட்டில் படுவதற்கு முன்பே முடிவாகியிருந்ததா? ஆகியிருக்க வேண்டும், நம் கோட்பாட்டில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பது ஐன்ஸ்டைன் கட்சி. 1935இல் பொடோல்ஸ்கி, ரோசன் இருவருடன் சேர்ந்து அதை எழுதினார். அதே ஆண்டு டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் மறுத்தார். அப்புறம் பெரும்பாலான இயற்பியலாளர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஊசி முனையில் எத்தனை தேவதைகள் உட்காரலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு ஒப்பானது இது என்று 1954இல் இயற்பியலாளர் பாலி கடிதம் எழுதினார்.

சரியாகப் பத்து வருடம் கழித்து, அந்தத் தேவதைகளை எண்ண ஒரு வழி கிடைத்தது.

வழி சொன்னவர் ஜான் பெல். ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்துக்காரர். துகள் முடுக்கிகளும் துகள் இயற்பியலும்தான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. இது பக்கவாட்டில் செய்தது. அவருடைய 1964 கட்டுரையின் சாரத்தைப் பின்னால் வந்தவர்கள் எளிமையாக்கித் தந்திருக்கிறார்கள். அதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வாதம் இது.

ஒரே மூலத்திலிருந்து இரண்டு ஃபோட்டான்கள் பின்னிப் பிணைந்து பிறந்து எதிரெதிர் திசையில் போகின்றன. இரு முனையிலும் ஒவ்வொரு போலராய்டு. ஒவ்வொன்றையும் 0, 60, 120 டிகிரி என்ற மூன்று கோணங்களில் ஏதாவது ஒன்றில் வைக்கலாம். இரண்டையும் ஒரே கோணத்தில் வைத்தால் முடிவு எப்போதும் ஒன்றுதான்: இரண்டும் கடக்கும், இல்லை இரண்டும் நிற்கும்.

தனித்தனி ஹாலில் உட்கார்ந்த இரண்டு மாணவர்கள் எந்தக் கேள்விக்கும் ஒரே விடை எழுதினால் நமக்கு என்ன தோன்றும்? இருவரிடமும் ஒரே பிட் இருக்கிறது. ஐன்ஸ்டைன் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவே. ஃபோட்டான்கள் பிறக்கும்போதே விடையோடு கிளம்புகின்றன, அவ்வளவுதான்.

சரி, பிட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கோணத்தில் கேள்வி வரும் என்று முன்கூட்டித் தெரியாது, ஆகவே மூன்றுக்குமே விடை இருந்தாக வேண்டும். உதாரணமாக ‘கட, கட, நில்’. இருப்பது இரண்டே வகை விடை, கோணங்களோ மூன்று. எப்படி எழுதினாலும் குறைந்தது இரண்டு கோணங்களுக்கு ஒரே விடைதான் இருக்கும். இப்போது இரண்டு போலராய்டுகளையும் வேண்டுமென்றே வெவ்வேறு கோணத்தில் வையுங்கள். 0–60, 60–120, 0–120 என்று மூன்று ஜோடிகள். ‘கட, கட, நில்’ பிட்டில் முதல் ஜோடி ஒத்துப்போகும், மற்ற இரண்டும் போகாது. மூன்றில் ஒன்று. ‘கட, கட, கட’ என்றிருந்தால் மூன்றுமே ஒத்துப்போகும். மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறக்கும் பிட்டை யாராலும் எழுத முடியாது. நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், மொத்தமே எட்டு பிட்கள்தான்.

குவாண்டம் கணக்கோ, 60 டிகிரி வித்தியாசத்துக்குக் கொசைன் வர்க்கம் எடு என்கிறது. அரையின் வர்க்கம், நான்கில் ஒன்று. 900 முறை சோதித்தால் பிட் கட்சிக்குக் குறைந்தது 300 பொருத்தம் வர வேண்டும். குவாண்டம் கட்சிக்கு 225 போதும். ‘பார்ப்பதற்கு முன் அது அப்படி இருந்ததா’ என்ற கேள்விக்கு, எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம்! இதைச் செய்ய எட்டாம் வகுப்புப் பின்னம் போதும் என்பதுதான் என்னைக் கிறங்கடிக்கிறது.

எண்ணினார்கள். 1972இல் பெர்க்லியில் கிளாசரும் ஃப்ரீட்மனும் கால்சியம் அணுக்களின் ஒளியை வைத்து. 1982இல் பிரான்சில் ஆஸ்பெ, ஃபோட்டான் பாதி வழியில் இருக்கும்போதே கோண அமைப்பை மாற்றி. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், வைரத்துக்குள் இருந்த எலக்ட்ரான்களை வைத்து. அதில் பயன்படுத்தியது பெல் கணக்கின் வேறொரு வடிவம். பிட்டால் 2ஐத் தாண்ட முடியாது, வந்ததோ 2.42. கோணத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே ரகசிய ஏற்பாடு இருந்தால்? 780 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய குவாசர் (வெகுதொலைவு விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான மையம்) ஒளியைக் கொண்டு தேர்ந்தெடுத்து, 2018இல் ட்சைலிங்கர் குழு அதையும் பார்த்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பிட் கட்சிக்குத் தோல்விதான். 2022 பரிசு கிளாசர், ஆஸ்பெ, ட்சைலிங்கர் மூவருக்கும்.

ஆனால் தோற்றது எது என்று கவனிக்க வேண்டும். விடை முன்பே இருந்தது, ஒரு முனையில் செய்வது மறுமுனையை உடனே பாதிக்காது என்ற இரண்டும் சேர்ந்த கூட்டணி தோற்றது. எதை விடுவது? இயற்பியலாளர் டேவிட் போமின் வழியில் போனால் துகளுக்கு எப்போதும் இடம் உண்டு, ஆனால் தொலைவு ஒரு தடையல்ல. இன்னொரு இயற்பியலாளர் எவரெட்டின் வழியில் எல்லா விடைகளும் நிகழ்கின்றன, உலகம்தான் கிளைக்கிறது. போரின் வழிவந்த கோபன்ஹேகன்காரர்கள் அளவிடாத பண்பைப் பற்றிப் பேசாதே என்பார்கள். 225 என்ற எண் மூவருக்கும் பொது. இங்கேதான் தத்துவம் தேவைப்படுகிறது: எந்த அனுமானத்தை, என்ன விலைக்கு விற்கிறோம் என்று கறாராகக் கணக்குக் கேட்க.

‘பார்ப்பதால் உலகம்’ என்பது இந்தப் பட்டியலில் எங்கே? இயற்பியலாளர் விக்னர் போன்ற பெரிய ஆளே ஒரு காலத்தில், அளவீட்டை முடித்துவைப்பது பார்ப்பவரின் மனம் என்று மனதை உள்ளே கொண்டுவந்தார், பிற்பாடு அவரே கைவிட்டார். இந்தச் சோதனைகளில் எண்ணுவது கருவி. அறையில் ஆள் இருக்கிறாரா, டீ குடிக்கப் போய்விட்டாரா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. இதை வைத்து நோய் தீர்க்கும் குவாண்டம் தகடு விற்பவர்களையும், எல்லாம் நம் முன்னோர் சொன்னதுதான் என்பவர்களையும் கேட்க எனக்கு ஒரே கேள்விதான்: உங்கள் கணக்கில் 225 வருமா, 300 வருமா?

இன்னொரு ஆதங்கம். இந்த வேலையில் இறங்கிய கிளாசருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. தன்னைப் பார்க்க வந்த இளம் ஆஸ்பெயிடம், நிரந்தர வேலை இருக்கிறதா என்று பெல் முதலில் கேட்டாராம். 1991இல் எக்கர்ட் இதே பெல் கணக்கைக் கொண்டு ஒட்டுக்கேட்பவரைக் கண்டுபிடிக்கும் ரகசியச் சாவி முறையைச் சொன்னார். இந்தியா 2023இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியதில் இத்தகைய தகவல் தொடர்பும் ஒரு பங்கு. அதில் ஒரு சிட்டிகையை, பயன் என்னவென்று கேட்காமல் அடிப்படைக் கேள்விகளோடு மல்லுக்கட்டும் நாலு பேருக்குக் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

அந்தக் கேள்விகளில் இன்னொன்றும் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டது. பல வாய்ப்புகள் கலந்திருக்கும் குவாண்டம் நிலையை ஈர்ப்பு விசையே குலைத்து ஒன்றாக்குகிறது என்பது பென்ரோஸ், டியோஷி என்ற இரு இயற்பியலாளர்களின் விளக்கம். டியோஷி வடிவில் அது உண்மையானால் பொருள்கள் மிக மெல்லிய கதிர்வீச்சை உமிழ வேண்டும். இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே ஒரு ஜெர்மானியம் உணர்வியை வைத்துத் தேடினார்கள். எதிர்பார்த்த கதிர்வீச்சு இல்லை. அந்த விளக்கத்தின் மிக எளிய வடிவத்தை 2020இல் தள்ளிவிட்டார்கள். திருத்திய வடிவங்கள் இன்னும் களத்தில் இருக்கின்றன.