சொல் விளக்கம்: குடித்தன வருமான இடையம்

அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் தொடர் ‘மீடியன் ஹவுஸ்ஹோல்ட் இன்கம்’. அது பெரும்பாலும் ‘சராசரிக் குடும்ப வருமானம்’ என்றே அச்சேறுகிறது. இந்த மூன்று சொற்களில் ‘வருமானம்’ ஒன்றுதான் சரி. பிழை திருத்தும் வேலையில் இருக்கும் எனக்கு மற்ற இரண்டையும் அடிக்காமல் விட மனம் வருவதில்லை.

முதலில் மீடியன். லத்தீனில் ‘மெடியுஸ்’ என்றால் நடு. 1843இல் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ இதைப் புள்ளியியல் பொருளில் எழுதினார். ஆங்கிலத்தில் 1881இல் பிரான்சிஸ் கால்ட்டன் கையாண்டார். மதிப்புகளை ஏறுவரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பது எதுவோ அதுதான் மீடியன்.

சராசரி வேறு வழியில் வந்த சொல். பாரசீகத்தில் ‘சராசர்’ என்றால் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை, அதாவது முழுவதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பங்கிடுவதற்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் பங்கிட்டால் என்ன ஆகிறது? ஒரு சாலையில் ஏழு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 22,000, 26,000, 31,000, 38,000, 44,000, 52,000 டாலர். ஏழாவது வீட்டுக்காரரின் நிலத்தில் எண்ணெய் கிடைத்து அவருக்கு 4,17,000. சராசரி 90,000. ஏழில் ஆறு வீடுகள் அந்தத் தொகையைக் கண்ணால் கண்டதில்லை. நடு வீட்டின் வருமானம் 38,000. அந்தச் சாலையின் வாழ்க்கை இந்த எண்ணில்தான் தெரிகிறது.

அடுத்தது ஹவுஸ்ஹோல்ட். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இதுவும் குடும்பமும் வெவ்வேறு. பிறப்பு, திருமணம், தத்து ஆகியவற்றால் உறவான இருவராவது சேர்ந்திருந்தால்தான் குடும்பம். தனியாக வாழும் மூதாட்டியோ, வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் இரு நண்பர்களோ குடும்பக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் அவர்கள் இருப்பதும் ஒரு ஹவுஸ்ஹோல்ட். இதற்குத் தமிழில் அருமையான சொல் ஏற்கெனவே உண்டு: குடித்தனம். ஒண்டுக்குடித்தனம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதே சொல்தான். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பொது அடுப்பை வைத்துக் குடித்தனத்தை எண்ணுகிறது. அமெரிக்கா தனி வாசல் உள்ள குடியிருப்பை வைத்து எண்ணுகிறது.

இந்த வருமான எண்ணோடு அடிக்கடி வரும் இன்னொரு சொல் கவுண்டி, அதாவது அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவு. அதை மாவட்டம் என்று எழுதினால் லட்சக்கணக்கான மக்கள் வாழும் பரப்பு நம் மனத்தில் விரியும். டெக்சாஸின் மேற்கே எண்ணெய் வயல்களுக்கு நடுவே இருக்கும் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் 64 பேர். கவுண்டியைக் கவுண்டி என்றே விட்டுவிடலாம்.

இவ்வளவு சிறிய இடத்தில் ‘நடு வீட்டை’ எப்படிக் கண்டுபிடிப்பது? 65,000 பேராவது வாழும் இடங்களுக்குத்தான் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு என்ற மாதிரிக் கணக்கெடுப்பு ஓராண்டுக் கணக்கைத் தருகிறது. சிற்றூர்க் கவுண்டிகளுக்கு ஐந்தாண்டு மாதிரிகளைச் சேர்த்தே எண்ணைச் சொல்கிறார்கள். ஆகவே 2015–2019 எண்ணையும் 2016–2020 எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘ஓராண்டில் உயர்ந்தது’ என்று எழுதுவது பொருந்தாது. நான்கு ஆண்டுகள் இரண்டுக்கும் பொது. ஆண்டுதோறும் ஓர் எண் வேண்டும் என்பதற்காகவே கணக்கெடுப்புத் துறை தனித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வருமான வரிக் கணக்குகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை போன்றவற்றை மாதிரிக் கணக்கெடுப்போடு இணைத்து ஒவ்வொரு கவுண்டிக்கும் மதிப்பிடுகிறார்கள். எண்ணோடு, உண்மை எண் எதற்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் வெளியிடுகிறார்கள். மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்ந்து போவது இந்த எல்லைகள்தான். எனக்கு அது வருத்தம்.

காலப்போக்கில் ஒப்பிடுவதற்குமுன் பழைய டாலரை இன்றைய விலைவாசிக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ஏழ்மையான மூன்று குடித்தனங்கள் ஊரைவிட்டுப் போனால், எவருக்கும் ஒரு டாலர்கூடக் கூடாமல் நடு எண் ஏறிவிடும். மேலே சொன்ன சாலையில் முதல் மூன்று வீடுகள் காலியானால் மிஞ்சும் நான்கில் நடுவே நிற்பவை 44,000, 52,000. நடு எண் 48,000 ஆகிவிடுகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘இடைநிலை அளவு’. இலக்கணம் படித்தவருக்கு இடைநிலை புதிதல்ல: ‘செய்தான்’ என்பதில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்கும் ‘த்’ இடைநிலை. பொருத்தம்தான். ஆனால் ‘இடைநிலை வருமானம்’ என்றதும் நடுத்தர வகுப்பினரின் வருமானம் என்று பொருள்கொள்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் மீடியனுக்கு ‘இடையம்’ என்று பெயர். ஒரே சொல், ஒரே பொருள்; இடையத்தை, இடையத்தின் என்று வேற்றுமையும் தடையின்றி ஏற்கிறது. நான் இதையே எழுதுகிறேன்: குடித்தன வருமான இடையம். முதன்முறை வரும் இடத்தில் மட்டும், ‘பாதிக் குடித்தனங்கள் இதற்குக் கீழே, பாதி மேலே’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன்.