ஈகோ: ஒரு சொல்லும் ஒரு பேத்தை மீனும்

பாம்பன் கரையில் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கும்போது எப்படியும் நாலைந்து பேத்தை அகப்படும். கை பட்டதும் வயிற்றை ஊதிப் பந்தாகிவிடும். தண்ணீருக்குள் என்றால் தண்ணீரைக் குடித்து ஊதும், வெளியே எடுத்தால் காற்றை விழுங்கி ஊதும். பயந்தால்தான் ஊதும் என்பது பலருக்குத் தெரியாது. ஈரலிலும் சினையிலும் நஞ்சு இருப்பதால் வாங்க ஆளில்லை. பிள்ளைகள் காலால் தட்டி விளையாட, கொஞ்ச நேரத்தில் காற்று இறங்கி உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும்.

எங்கள் சித்தப்பா ஒரு சம்மாட்டியை, அதாவது ஒரு படகு முதலாளியை, பற்றிப் பேசும்போதெல்லாம் “பேத்தை மாதிரி ஊதிக்கிட்டுத் திரியிறான்” என்பார். அதே ஆளைப் பற்றி டீக்கடையில் ஒரு தம்பி சொன்னான்: “அவருக்கு ஈகோண்ணே.” ஒரே மனிதர், ஒரே குணம். ஆனால் சித்தப்பா சொன்னது உடனே கண்ணில் தெரிந்தது, தம்பி சொன்னது தெரியவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஈகோ இலத்தீன் சொல். பொருள் ‘நான்’, அவ்வளவுதான். ‘நான் வருகிறேன்’ என்பதில் எவ்வளவு கர்வம் உண்டோ அவ்வளவுதான் அதிலும் உண்டு. சிக்மண்ட் பிராய்டு 1923இல் மனத்தின் அமைப்பைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியபோது இந்த இலத்தீன் சொல்லைப் போடவில்லை. தன் ஊர்க்காரர்கள் தினமும் பேசும் ‘நான்’ என்ற சொல்லையே போட்டார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள்தான் அதை இலத்தீனாக்கி, மருத்துவச் சொல் போன்ற ஒரு கம்பீரத்தைக் கொடுத்தார்கள். பிராய்டின் ‘நான்’ கெட்டவனும் அல்லன். உள்ளே துடிக்கும் ஆசைக்கும், அதட்டும் மனச்சாட்சிக்கும், வெளியே இருக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணுபவன். அவன் இல்லாவிட்டால் மனிதன் ஒரு நாள்கூட ஒழுங்காக நடமாட முடியாது. ‘ஈகோவை அழித்துவிடு’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

பேச்சு வழக்கில் அந்தச் சொல் வீங்கிப்போன ‘நான்’ ஆகி, அந்த வீக்கத்தோடுதான் தமிழுக்குள் வந்தது. வந்த இடத்தில் இன்னும் சில வேலைகளையும் எடுத்துக்கொண்டது. ‘ரெண்டு பேருக்கும் ஈகோ, பேச மாட்டாங்க’ என்றால் அது வீம்பு. ‘அவன் ஈகோவைத் தொட்டுட்ட’ என்றால் அது ரோஷம். ‘ஈகோ பிடிச்ச ஆளு’ என்றால் மட்டுமே தலைக்கனம். மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வசதிதான். ஆனால் ரோஷப்பட்டவனையும் திமிர் பிடித்தவனையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டுவிடுகிறோம்.

நேருக்கு நேர் மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் அது அகங்காரம். வடமொழியில் ‘அஹம்’ என்றால் நான், ‘காரம்’ என்றால் ஆக்குவது. உள்ளே என்று பொருள்படும் நம் ‘அகம்’ வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பி விளக்கம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவத்திலும் அகங்காரம் ஒரு குற்றமல்ல, ‘நான்’ என்ற உணர்வை உண்டாக்கும் ஒரு கூறு. பிறகு அதுவும் ஈகோவைப் போலவே வசைச்சொல்லாகிவிட்டது. ஞானோபதேசம் படித்த கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலையான பாவங்கள் ஏழில் முதலாவது இது. கீழக்கரைப் பக்கம் பயானில், அதாவது இஸ்லாமியச் சொற்பொழிவில், இதையே ‘கிப்ரு’ என்று கேட்டிருப்பீர்கள். அந்த அரபுச் சொல்லின் வேரில் ‘பெரிது’ என்ற பொருள் இருக்கிறது.

பெரிது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம்மிடம் உள்ள சொற்கள் பலவும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஆணவத்தை எடுத்துக்கொள்வோம். வேர் ‘அணு’. எங்கும் பரவக்கூடிய உயிரை அணு அளவுக்குச் சுருக்கிவிடுவதால் அதற்கு ஆணவம் என்று பெயர். சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்களில், அதாவது உயிரைப் பற்றிய மூன்று அழுக்குகளில், கன்மத்துக்கும் மாயைக்கும் முன்னால் நிற்பது இதுதான். ஊதிப் பெருத்தவனைத் திட்டுவதற்கு நாம் எடுக்கும் சொல், அவன் சுருங்கிவிட்டான் என்று சொல்கிறது! காற்று இறங்கிய பேத்தைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என்ற சித்தாந்த நூலில் இதை இருளோடு ஒப்பிட்டுவிட்டு, இருளைவிட மோசம் என்கிறார்:

“ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும்
இருபொருளும் காட்டாது இது.”

இருட்டு மற்ற பொருள்களைக் காட்டாது. ஆனால் ‘இங்கே இருட்டாக இருக்கிறது’ என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆணவம் பொருளையும் காட்டாது, தான் இருப்பதையும் காட்டாது. அதன் ஆபத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. கோபம் வந்தவனுக்குத் தனக்குக் கோபம் வந்தது தெரியும். இது வந்தவனுக்குத் தெரியாது. ஆணவத்தோடு ஒன்றிக் கிடப்பதைப் போல மெய்ப்பொருளோடு ஒன்றும் நாள் எந்நாளோ என்று ஏங்கிய தாயுமானவர் அடங்கியிருப்பதும் நம் இராமநாதபுரத்தில்தான்.

செருக்கு என்ற சொல்லுக்குக் களிப்பு, மயக்கம் என்ற பொருள்களும் உண்டு. கள்ளுண்டவனுக்கும் செருக்கு வரும். ‘யான் எனது என்னும் செருக்கு’ என்ற குறளுக்கு உரை சொல்லும் பரிமேலழகர் அதை மயக்கம் என்றே எழுதுகிறார். திமிர் என்றால் மரத்துப்போதல். வெகு நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் காலுக்கு வருவது. காலுக்கு வந்தால் எழுந்து உதறுகிறோம், ஆளுக்கு வந்தால் யார் உதறுவது? சுருக்கம், மயக்கம், மரப்பு என்று எல்லாமே நோயின் பெயர்கள். பெரியவனாகிவிட்டான் என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

தலைக்கனத்தைப் படகுக்காரர்களிடம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மண்டைக்கனம் என்போம். படகுக்குப் பாரம் கெடுதல் அல்ல. அடியில் பாரம் இருந்தால்தான் படகு நிதானமாக நிற்கும். அதே பாரத்தை மேலே ஏற்றினால் சின்ன அலைக்கே சாயும். எடை ஒன்றுதான், இருக்கும் இடம்தான் தப்பு. படிப்பும் அனுபவமும் காசும் இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது.

இதைச் சொல்லும்போது சித்தப்பா கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஒருநாள் பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். பலத்த காற்று வீசும், கடலுக்குப் போகாதே என்று அர்த்தம். விசைப்படகுகள் எதற்கும் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை. இவருடையது நாட்டுப்படகு. “முப்பது வருசமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாத காத்தா?” என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தென்கடலில் இறங்கினார். அந்த இருவரில் ஒருவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் மதியம் வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. வலை போய்விட்டது, என்ஜின் போய்விட்டது, ஆள் மூன்றும் கரை சேர்ந்தது. சித்தி அன்று அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முப்பது வருட அனுபவம் பொய்யல்ல, அடியில் இருக்க வேண்டிய பாரம் அது. பாம்பன் கால்வாயில் பாறையும் மணல்திட்டும் அதிகம். பெரிய கடல்களைக் கடந்து வந்த கப்பல்கூட இங்கே உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொண்டுதான் பாலத்தைத் தாண்டும். அதனால் அந்த மாலுமிக்கு ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. ‘அளவறியான் தன்னை வியந்தான் விரைந்து கெடும்’ என்ற குறளில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘அளவு’. ஆழம் எவ்வளவு என்று பார்க்கத் தெரியாதவன் கடலில் என்ன செய்வான்?

சரி, ஈகோவுக்கு நல்ல தமிழ்ச்சொல் எது? பத்திரிகைகளில் ‘தன்முனைப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தடை உண்டு. ‘முனைப்போடு படி’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம், முனைப்பு நல்ல சொல். உளவியல் பாடத்தில் குற்றமில்லாத ‘நான்’ என்ற பொருளுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் ஆளைப் பார்த்துச் சொல்லைப் போடுவதே சரி: பேசாமல் முறுக்கிக்கொண்டு நிற்பவனுக்கு வீம்பு, யார் சொன்னாலும் கேட்காதவனுக்குத் தலைக்கனம், எழுத்தில் கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் செருக்கு. ஆணவத்தைச் சும்மா சும்மா எடுக்க வேண்டாம் என்பேன், அது ஆழமான சொல்.

பெருமிதத்தை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கிலிருந்து பிறப்பது பெருமிதம் என்கிறது தொல்காப்பியம். வள்ளுவர் மட்டும் ஓரிடத்தில் அதை நல்ல பொருளிலும் (குறள் 431), இன்னோரிடத்தில் செருக்கு என்ற பொருளிலும் (குறள் 979) ஆண்டிருக்கிறார். இன்றைய வழக்கில் நல்ல பொருளே நிலைத்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவர் கதையை மட்டும் விட்டுவிட்டு. கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். இருளைப் பற்றிய பாட்டை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“ரொம்பச் சரியா எழுதியிருக்கடா. அந்தச் சம்மாட்டிப் பயலுக்கு அப்படியே பொருந்துது.”