என்டாங்கிள்மென்ட்: பின்னல் என்றே சொல்லலாம்

குவாண்டம் இயற்பியலில் அடிக்கடி அடிபடும் சொல் என்டாங்கிள்மென்ட். ஒவ்வொரு துகளின் நிலையையும் தனித்தனியே சொல்ல முடியாதபடி, பல துகள்கள் சேர்ந்து ஒரே நிலையில் இருப்பதற்கு இந்தப் பெயர். தமிழில் பிணைப்பு என்பாரும் உண்டு, பின்னல் என்பாரும் உண்டு. என் ஓட்டு பின்னலுக்கு.

சொல்லைத் தந்தவர் இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர், 1935இல். ஜெர்மனில் ‘ஃபெர்ஷ்ரேங்குங்’ என்றார். மார்புக்குக் குறுக்கே கை கட்டிக்கொள்வதற்கும் அங்கே இதே வினைதான். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக, ஒழுங்காக அமைவது. அதே ஆண்டு ஆங்கிலக் கட்டுரையில் அவரே போட்ட சொல்தான் என்டாங்கிள்மென்ட். அதில் நூல் சிக்கின வாடை அடிக்கிறது. அதை நம்பிப் பெயர்த்தால் ‘சிக்கல்’ வந்து நிற்கும். பிணைப்பு என்ற சொல்லையோ பள்ளிப் பாடத்திலேயே வேதிப்பிணைப்பு எடுத்துக்கொண்டது. அங்கே அணுக்களை விசை பிடித்து வைத்திருக்கிறது. இங்கே அப்படி எந்த விசையும் வேண்டாம். துகள்கள் எவ்வளவு விலகிப் போனாலும் அளவீட்டு முடிவுகள் ஒத்துப்போகும்.

மூன்று துகள் என்று வரும்போதுதான் பின்னலின் அருமை தெரியும். மூன்று கால் எடுத்துச் சடை பின்னுங்கள். ஒரு காலை மட்டும் உருவிவிட்டால் மற்ற இரண்டும் தனித்தனியாகத் தொங்கும். அவை ஒன்றையொன்று பிடித்திருக்கவே இல்லை. கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் என்ற மூன்று இயற்பியலாளர்களின் பெயரில் வழங்கும் ஜி.எச்.இசட். நிலை அச்சாக இதுதான். ஒரு துகள் தொலைந்தால் மிச்ச இரண்டில், முன்கூட்டியே பேசிவைத்தது போன்ற சாதாரண ஒத்துப்போதல் இருக்கும், பின்னல் துளியும் இருக்காது. டபிள்யூ நிலை என்று இன்னொன்று உண்டு. அதில் ஒன்று போனாலும் மற்ற இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் பின்னல் தங்கும். சடை உவமை அங்கே உதவாது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ‘மோனோகமி’. ஒரு துகள் தன் பின்னலை எத்தனை பேரோடு பகிரலாம் என்பதற்கான வரம்பு இது. கிரேக்கத்தில் ஒற்றை மணம் என்று பொருள். இரண்டு க்யூபிட்டுகள் (0, 1 என்ற இரண்டு நிலை கொண்ட குவாண்டம் அலகுகள்) முழுதாகப் பின்னிக்கொண்டால் மூன்றாவதற்கு இடமே இல்லை என்பதால் இந்தப் பெயர். ஆனால் ‘ஒருதார மணம்’ என்று தமிழில் போட்டால் தப்பாகிவிடும், ஏனென்றால் அரைகுறையாகப் பகிரத் தடையில்லை. மொத்தத்துக்குத்தான் வரம்பு. 2000இல் காஃப்மன், குண்டு, வூட்டர்ஸ் இதைக் கணக்காகவே எழுதினார்கள். முழுப் பின்னலுக்கு 1 என்று வைக்கும் அவர்கள் அளவுகோலில், ஒரு க்யூபிட் மற்ற இரண்டோடும் தனித்தனியே வைத்திருக்கும் பின்னலைக் கூட்டினால் 1ஐத் தாண்டாது. டபிள்யூ நிலையில் ஜோடிக்கு 4/9, ஆகக் கூடி 8/9. ஜி.எச்.இசட்.டில் ஜோடிக்குச் சுழியம். இருப்பதெல்லாம் மூன்றுக்கும் பொது. இதற்குப் ‘பின்னல் பங்கு வரம்பு’ என்று எழுதிவருகிறேன். கொஞ்சம் நீளம்தான்.