சமாதானம்: சொல்லும் பொருளும்

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறோம். சண்டை போட்ட இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துச் சமாதானம் செய்கிறோம். செய்த தவற்றுக்குச் சாக்குச் சொன்னாலும் 'சமாதானம் சொல்கிறான்' என்கிறோம். ஒரே சொல்தான். அதையே தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு விட்டுச்சென்ற கொடைக்கும் பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடையை நம்பி வாழ்கிறவர்கள், போர்ச் செய்திகளுக்கு நடுவே 'எங்கே அந்தச் சமாதானம்?' என்று கேட்கும்போது, சொல்லின் பொருளிலேயே பாதி விடை கிடக்கிறது.

இது வடசொல். சம், ஆ என்ற முன்னொட்டுகளோடு 'வைத்தல்' என்று பொருள்படும் 'தா' என்ற வேர் சேர்ந்து பிறந்தது. ஒன்றாகச் சேர்த்துவைத்தல் என்பது அடிப்பொருள். 'சமாதி'யும் இதே வேர்தான். தருக்க நூல்களில் ஆட்சேபத்துக்குச் சொல்லும் விடையும் சமாதானம் எனப்பட்டது. சாக்குச் சொல்வதைக் குறிக்கும் வழக்கு இதன் நிழல்.

விவிலியத்தில் இச்சொல் நிற்கும் இடத்தில் மூலமொழிகளான எபிரேயத்தில் 'ஷாலோம்', கிரேக்கத்தில் 'எய்ரேனே'. ஷாலோம் என்றால் குறைவின்மை, முழுமை. ராகேலின் ஊர்க்காரர்களிடம் யாக்கோபு தன் தாய்மாமன் லாபானைப் பற்றிக் கேட்ட கேள்வி எபிரேயத்தில் 'அவனுக்கு ஷாலோமா?' என்பதே, தமிழில் அது 'சுகமாயிருக்கிறானா' ஆயிற்று (ஆதியாகமம் 29:6). நல்ல மொழிபெயர்ப்பு, நாமும் அப்படித்தானே விசாரிப்போம்!

இதே வேரிலிருந்து 'ஷில்லேம்' என்ற வினை வருகிறது: ஈடுகட்டுதல், குறைந்ததை நிரப்பிக் கொடுத்தல். திருடிய மாட்டைக் கொன்றாலோ விற்றாலோ ஒன்றுக்கு ஐந்து, ஆட்டுக்கு நான்கு கொடுக்கவேண்டும் என்கிற யாத்திராகமம் 22:1இல் உள்ள வினை இதுதான். ஆகவே ஷாலோம் என்பது சண்டை ஓய்ந்ததோடு முடிவதில்லை. பறித்தது திரும்பியாக வேண்டும். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக, வரி வசூலித்த சகேயு சொல்லும்போது (லூக்கா 19:8) இந்தக் கணக்கு அவன் மனதில் இருந்திருக்க வேண்டும்.

சரியான தமிழ்ச் சொல் எது? 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அமைதி'யைக் கொண்டது. கத்தோலிக்கர் வாசிப்பது அந்த மொழிபெயர்ப்பை. சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டண்டுகள்) வாசிக்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பான 'பழைய திருப்புதலில்' 'சமாதானம்' நிலைத்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய திருப்புதல் ஓரிடத்தில் நுட்பமாகப் பிரிக்கிறது. கொந்தளிக்கும் கடலை இயேசு அதட்டும்போது 'இரையாதே, அமைதலாயிரு' என்கிறார் (மாற்கு 4:39). அங்கே மூலத்தில் எய்ரேனே இல்லை. பின்வரும் கடல் அடக்கத்துக்கு 'கலேனே' என்ற வேறு சொல். அலை அடங்குவது அமைதல். உறவு கூடுவது சமாதானம்.

'அமைதி' என்றதும் இன்று காதில் விழுவது சத்தமின்மை. மூலப்பொருள் அதுவன்று. 'அமை' என்றால் பொருந்துதல், நிறைதல். எல்லா வளமும் இருந்தும் 'வேந்தமைவு இல்லாத நாடு' பயனற்றது என்கிறது குறள் (740). அரசனும் குடியும் பொருந்தியிருப்பதே அந்த அமைவு. இந்தப் பழம்பொருளை மனதில் வைத்துச் சொன்னால் ஷாலோமுக்கு அமைதியே தகும். ஆனால் முறிந்த உறவைச் சேர்க்கும் செயலுக்கு 'ஒப்புரவு' வேண்டும். 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி' என்பது மத்தேயு 5:24. நிலைக்கு அமைதி, அதை அடையும் வேலைக்கு ஒப்புரவு என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

அந்த வேலைக்கு முறை உண்டு (மத்தேயு 18:15-17): முதலில் தனிமையில் குற்றத்தைச் சொல்லுதல், கேளாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாகக் கூட்டிப்போதல், பிறகே சபை. வரிசை தலைகீழானால், ஊரறியப் பேசிவிட்டுப் பிறகு கைகுலுக்கச் சொன்னால், மானம் போனவர் மனம் திரும்பமாட்டார். இன்னொன்றும் உண்டு. இது சகோதரருக்குள் உள்ள முறை. கொடுமைப்படுத்திய வலியவரிடம் அடிபட்டவரைத் தனியே அனுப்ப இதை ஆதாரமாகக் காட்டக்கூடாது.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, திருவிருந்து வழிபாட்டில் சமாதானம் கொடுத்தலைக் காணிக்கைக்கு முன்னால் வைத்தது. ஒருவர் வலக்கையோடு மற்றவர் வலக்கை சேர, இருவர் இடக்கையும் மேலே மூடும். ரோமன் கத்தோலிக்க முறையில் இது கர்த்தர் கற்பித்த செபத்துக்குப் பின் வருகிறது. மத்தேயு 5ஐப் படித்தவருக்கு முன்னதன் நியாயம் விளங்கும்: காணிக்கை பிறகு, ஒப்புரவு முதலில்.

இனி நம்பிக்கை. இங்கே ஒரு சொற்குழப்பம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 13:13 பழைய திருப்புதலில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. ஒரு சபையார் 'நம்பிக்கை' என்றால் மற்றவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். வரப்போவதைக் காத்திருக்கும் மனநிலைக்கு 'எதிர்நோக்கு' துல்லியமான சொல்.

சமாதானமும் எதிர்நோக்கும் ஒரே வசனத்தில் சேரும் இடம் எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகும் என்றான். எரேமியா சொன்னது 70 ஆண்டு. காயத்தை 'மேற்பூச்சாய்' ஆற்றிச் 'சமாதானம் சமாதானம்' என்பவர்களை அவர் முன்பே கண்டித்தவர் (6:14). தேவனுடைய நினைவுகள் 'சமாதானத்துக்கேதுவான' நினைவுகள் என்று ஆறுதல் சொன்ன அதே கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் சமாதானத்தையே தேடுங்கள் என்கிறார். அதின் சமாதானத்திலே உங்களுக்கும் சமாதானம் இருக்கும். மூன்று இடத்திலும் மூலச்சொல் ஷாலோம்தான். பகைவர் ஊரின் நலமும் தன் நலமும் ஒன்றாகச் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது.